நூறு ஏக்கருக்குக் கீழே

மலேசிய ரப்பர், செம்பனைப் புள்ளிவிவரங்களைப் புரட்டியவர்கள் ஒரு விநோதமான எண்ணைக் கடந்து வந்திருப்பார்கள்: 40.46 ஹெக்டேர். சில அட்டவணைகளில் 40.47, சிலவற்றில் 40.5. நிலம் அதைவிடக் குறைவாக இருந்தால் சிறுதோட்டம். எட்டிவிட்டால் எஸ்டேட். எந்த அதிகாரியும் யோசித்து உட்கார்ந்து 40.46 என்று ஓர் எல்லையைப் போட்டிருக்க மாட்டார். அது பழைய 100 ஏக்கர். நாடு ஏக்கரிலிருந்து ஹெக்டேருக்கும் ராத்தலிலிருந்து கிலோவுக்கும் போய்விட்டது. படிவத்தில் கிழித்த கோடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நீண்ட காலமாக நடந்துவரும் ஒரு தொழில் கணக்கெடுப்பின் கேள்விகளை மாற்றலாமா, மாற்றினால் என்ன ஆகும், மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பது புள்ளிவிவரக்காரர்களின் தலைவலி, இலக்கியம் வாசிக்கும் நமக்கு அதில் என்ன என்று கேட்கலாம். தோட்டத் துண்டாடலைப் பற்றி நம்மிடம் சிறுகதைகள் இருக்கின்றன, நாவல்கள் இருக்கின்றன, பாட்டிமார் சொன்ன கதைகளும் இருக்கின்றன. அதே துண்டாடலை எண்களில் தேடினால் ஆட்கள் கிடைப்பதில்லை. ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு விடை அந்த 100 ஏக்கரில் இருக்கிறது.

பேராக்கிலிருந்தே தொடங்கலாம். 1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ தன் வளாகத்தில் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றில் மிஞ்சியதாகச் சொல்லப்படும் ஒரு மரம் இன்றும் கோலகங்சாரில் வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏற, காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆள் தமிழகத்திலிருந்து வந்தது.

ஆள் வந்ததும் கணக்கும் வந்தது. 1907இல் ‘தமிழர் குடியேற்ற நிதி’ என்று ஒன்று சட்டப்படி அமைந்தது. கப்பல் கூலிக்கும் ஆள் திரட்டும் செலவுக்கும் அந்த நிதியிலிருந்து பணம் போகும். நிதிக்குப் பணம் தருவது முதலாளிகள். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது, அவருடைய தோட்டத்தில் இந்தியத் தொழிலாளர்கள் செய்த வேலையின் அளவைப் பொறுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். மலாயாவின் தோட்டக் கணக்குப் படிவங்களின் முன்னோடிகளில் இதையும் வைக்கலாம் என்பது என் எண்ணம். ‘இங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள்’ என்ற கேள்வி அதற்குத் தேவைப்படவில்லை. எவ்வளவு வேலை நடந்தது என்று தெரிந்தால் போதும், வரி போட்டுவிடலாம்.

அந்த நிதியின் பெயரில் முதலில் ‘தமிழர்’ என்று இருந்தது, சில ஆண்டுகளில் ‘இந்தியர்’ ஆயிற்று. நீரிணைக் குடியேற்றங்களின் 1891ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பிலும் நம்முடைய பெட்டியின் தலைப்பு ‘தமிழர்களும் இந்தியாவின் பிற சுதேசிகளும்’ என்றே இருந்தது. அதுவும் பிறகு ‘இந்தியர்’ ஆயிற்று. ஆட்கள் மாறவில்லை, தலைப்பு மாறியது. படிவங்களின் வரலாற்றில் இப்படிப்பட்ட பெயர் மாற்றங்கள் சத்தமில்லாமல் நடக்கும். ஐம்பது வருடம் கழித்து இரண்டு அட்டவணைகளை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குத்தான் அதன் வலி தெரியும்.

அடுத்த பெரிய கணக்கு 1922இல் வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை விழுந்ததால், உற்பத்தியைக் கட்டுப்படுத்த ஸ்டீவன்சன் திட்டம் அமலானது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு ‘நிலையான உற்பத்தி’ அளவு குறிக்கப்பட்டது. அதில் இவ்வளவு சதவீதம்தான் ஏற்றுமதி செய்யலாம், மீறினால் கடும் வரி. அந்த அளவை நிர்ணயிக்க 1920 அக்டோபரில் முடிந்த ஓராண்டின் உற்பத்தியைக் கேட்டார்கள். எஸ்டேட்டுகளில் ஆபீஸ் இருந்தது, கிராணி இருந்தார், பேரேடு இருந்தது. எடுத்துக் காட்டினார்கள். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருந்த மலாய் விவசாயியிடம் பேரேடு ஏது? அவருக்கு அதிகாரிகளே ஓர் அளவைப் போட்டார்கள். பிற்பாடு பொருளியலாளர் பி. டி. பாவர், 1948இல் வெளியிட்ட தம் ரப்பர் தொழில் ஆய்வில், கட்டுப்பாட்டுத் திட்டங்கள் சிறுதோட்டக்காரர்களின் உற்பத்தித் திறனைக் குறைத்தே மதிப்பிட்டன என்று விரிவாக வாதிட்டார்.

எஸ்டேட்டுக்கும் சிறுதோட்டத்துக்கும் நடுவே அந்த 100 ஏக்கர் கோடு ஆழமாகப் பதிந்தது இந்தக் காலத்தில்தான். நிர்வாகத்துக்கு அது வசதியாக இருந்தது. கோட்டுக்கு மேலே இருப்பவர் படிவம் நிரப்பத் தெரிந்தவர். கீழே இருப்பவருக்குப் படிவம் அனுப்பிப் பயனில்லை, கணக்கை வேறு வழியில் ஊகித்துக்கொள்ளலாம்.

1949இல் மலாயாவில் புள்ளிவிவர அலுவலகம் அமைந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அது இன்றைய புள்ளிவிவரத் துறையாக நிலைபெற்றது. கேட்ட கேள்விக்குப் பதில் தருவது கட்டாயம். தந்த பதிலைத் தனித்தனியாக வெளியே விடக்கூடாது. எஸ்டேட்டுகள் மாதாமாதம் கணக்கு அனுப்பின. பயிரிட்ட பரப்பு, பால் எடுக்கும் பரப்பு, உற்பத்தி, கையிருப்பு, ஆள் எண்ணிக்கை. அந்தத் தொடரின் வாரிசாக இன்றும் மாதாந்திர ரப்பர் புள்ளிவிவரம் வெளியாகிறது. இந்த நாட்டின் மிக நீண்ட தொழில் கணக்கெடுப்புகளில் அதுவும் ஒன்று.

என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். மாதக் கடைசியில் வீட்டில் ஒரு சட்டம் உண்டு என்று பாட்டி சொல்வார். “அந்த மூணு நாளு தாத்தாகிட்ட யாரும் வாயே தொறக்கக்கூடாது. செக்ரோல் கணக்கும் ஸ்டோர் கணக்கும் முட்டணும்ல?” காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு எழுதிய செக்ரோல், பால் நிறுத்த இடத்தில் எழுதிய எடை, ஒட்டுப்பால் எடை எல்லாம் கூட்டி, துரையின் கையெழுத்தோடு கோலாலம்பூருக்குப் போகும். செக்ரோலில் ஒவ்வொரு ஆளுக்கும் பெயர் இருந்தது. மேலே போன படிவத்தில் எண் மட்டும் இருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, புள்ளிவிவரம் என்றால் அப்படித்தான். எண்ணாகவாவது இருந்தார்கள் என்பதுதான் முக்கியம்.

1950களில் பிரிட்டிஷ் முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். அவசரகாலம், வரப்போகும் சுதந்திரம், லண்டனில் பங்குதாரர்களின் பதற்றம், நல்ல விலை என்று பல காரணங்கள். தோட்டத்தை மொத்தமாக வாங்கிய கூட்டாளிகள் அதைத் துண்டு துண்டாக்கிச் சில்லறையில் விற்றார்கள். இதைத்தான் நாம் துண்டாடல் என்கிறோம். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அஜீஸ் தலைமையில் தனியாக ஆராய்ந்து பெரிய அறிக்கையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏன் தனி ஆய்வு? மாதாமாதம் கணக்கு வந்துகொண்டுதானே இருந்தது?

இங்கேதான் படிவத்தின் விளக்கக் குறிப்பைப் படிக்க வேண்டும். எஸ்டேட் என்பது மொத்தம் 100 ஏக்கருக்குக் குறையாத, ஒரே சட்டபூர்வ உரிமையின் கீழ் உள்ள நிலம். துண்டுகள் ஒட்டியிருக்க வேண்டும் என்பதில்லை, உரிமை ஒன்றாக இருந்தால் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 800 ஏக்கர் தோட்டம் ஒன்று. அதைச் சரிசமமாக எட்டுப் பேருக்கு விற்றால் தலைக்கு 100 ஏக்கர். அட்டவணையில் ஓர் எஸ்டேட் எட்டு எஸ்டேட் ஆகும், தொழில் வளர்ந்ததுபோல் தெரியும். ஒன்பது பேருக்கு விற்றால் தலைக்கு 89 ஏக்கருக்கும் குறைவு. அட்டவணையில் எஸ்டேட்டே இருக்காது. பரப்பும் உற்பத்தியும் சிறுதோட்டப் பக்கத்துக்கு இடம் மாறும். இரண்டிலும் ஒரு மரம்கூட வெட்டப்படவில்லை, ஒரு மரம்கூட நடப்படவில்லை.

பரப்புக்கும் பாலுக்கும் போய்ச்சேர இன்னொரு பக்கம் இருந்தது. ஆளுக்கு இல்லை. எஸ்டேட் பக்கத்தில் ‘தொழிலாளர் எண்ணிக்கை’ என்ற பத்தி உண்டு, 120 பேர் குறைந்தால் 120 என்று குறையும். சிறுதோட்டம் என்பது சொந்தக்காரரே தன் குடும்பத்தோடு பால்வெட்டும் நிலம் என்ற பழைய எண்ணத்தில் எழுந்த பிரிவு. அதற்கு மாதாந்திரப் படிவம் போவதில்லை. அங்கே செக்ரோலும் கிடையாது, பெரட்டும் கிடையாது. உற்பத்தியை வியாபாரிகள் வாங்கியதிலிருந்தும் ஆலைக்கு வந்ததிலிருந்தும் மறைமுகமாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த வழியில் பால் தெரியும், வெட்டிய கை தெரியாது.

என் பெரியம்மா அப்படி ஒரு துண்டில் வெட்டியவர். “மரமும் அதேதான், உளியும் அதேதான்பா. காலைல பேர் கூப்பிட ஆளில்ல, அவ்ளோதான்” என்பார். அவர் வேடிக்கையாகச் சொல்வதுதான். ஆனால் பேர் கூப்பிட ஆளில்லாத இடத்தில் வைப்புநிதி பிடித்துக் கட்டவும் ஆளில்லை, ஆயாக்கொட்டகை நடத்தவும் ஆளில்லை, கூரை ஒழுகினால் கேட்கவும் ஆளில்லை. லயத்தை யார் பராமரிப்பது என்று ஒன்பது முதலாளிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அந்தக் கோட்டுக்குக் கீழே எத்தனை விதமான வாழ்க்கை ஒரே சொல்லுக்குள் அடைபட்டது என்று பாருங்கள். தன் மூன்று ஏக்கரில் தானே வெட்டும் கம்பத்து விவசாயி, 1956இல் தொடங்கிய பெல்டா திட்டத்தில் நிலம் பெற்ற குடியேறி, கடனுக்கு ஈடாக வந்த 60 ஏக்கரைத் தூரத்திலிருந்து நடத்திய செட்டியார், அந்த 60 ஏக்கரில் கூலிக்கு வெட்டிய தமிழ்ப் பெண். நான்கு பேருக்கும் ‘சிறுதோட்டம்’ என்று ஒரே பெயர். 1973இல் ரிஸ்டா வந்தபோது அது சிறுதோட்டக்காரர்களுக்காக வந்தது. சிறுதோட்டக்காரர் என்றால் நிலம் வைத்திருப்பவர். நான்காவது ஆள் எஸ்டேட் கணக்கிலும் இல்லை, சிறுதோட்டக்காரர் பட்டியலிலும் இல்லை.

துண்டாடலுக்கு எதிராக நடந்த ஒரு முயற்சியும் பேராக்கில் வேர் கொண்டது. சுங்கை சிப்புட்காரரான வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் தவணை தவணையாகப் பங்குப் பணம் திரட்டினார்கள். அந்தப் பணத்தில் விற்பனைக்கு வந்த எஸ்டேட்டுகளை முழுசாக வாங்கினார்கள். அரசியலாக, உணர்ச்சியாக, சம்பந்தனின் ஆளுமையாக இதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். படிவத்தின் கண்ணால் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பங்குதாரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் சட்டத்தின் முன் சங்கம் ஒரே உரிமையாளர். ஆகவே நிலம் 100 ஏக்கர் கோட்டுக்கு மேலேயே நின்றது. செக்ரோல் நின்றது, பெரட்டு நின்றது, மாதாந்திரக் கணக்கில் அந்த ஆட்களின் எண்ணும் நின்றது. கணக்கில் இருப்பது வாழ்க்கையில் இருப்பதற்குச் சமம் ஆகாதுதான். ஆனால் கணக்கில் இல்லாதவருக்காக எந்த வரவு செலவுத் திட்டத்திலும் பணம் ஒதுக்கியதாக நான் பார்த்ததில்லை.

‘அப்படியானால் அந்தக் கோட்டை அப்போதே மாற்றியிருக்கலாமே’ என்று தோன்றும். அது அவ்வளவு லேசான வேலை இல்லை. 1960இல் யாராவது எல்லையை 50 ஏக்கராக இறக்கியிருந்தால், மறுமாதமே எஸ்டேட்டுகளின் எண்ணிக்கை குபீரென்று ஏறியிருக்கும். துண்டாடல் உச்சத்தில் இருக்கும்போது எஸ்டேட்டுகள் பெருகுகின்றன என்று அட்டவணை சொல்லியிருக்கும். 1930களோடு ஒப்பிட்டு எதையும் பேச முடியாமல் போயிருக்கும். நீண்ட தொடரின் மதிப்பே ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்டுக்கொண்டிருப்பதில்தான் இருக்கிறது. கேள்வியை மாற்றினால், அடுத்து வரும் மாற்றம் நாட்டில் நடந்ததா, தாளில் நடந்ததா என்று தெரியாது. கேள்வியை மாற்றாமலே இருந்தால், நாடு கேள்வியின் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்ந்துவிடும். நம் ரப்பர் கணக்குக்கு இந்த இரண்டாவதுதான் நடந்தது. இன்று மலேசிய ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிறுதோட்டங்களிலிருந்து வருகிறது. எஸ்டேட்டுகளிடம் மாதாமாதம் அத்தனை கவனமாகக் கேட்பது மிச்சமிருக்கும் ஒரு பங்கைப் பற்றித்தான்.

ஆள் பத்தியிலும் இதே இழுபறி உண்டு. பழைய ரப்பர் புள்ளிவிவரக் கையேடுகளில் தோட்டத் தொழிலாளர்களை இனவாரியாகவும், நேரடி வேலையா கான்ட்ராக்ட் வேலையா என்றும் பிரித்திருப்பார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் என்ற பெட்டிகள் காலனியம் செய்தவை. சமூகவியலாளர் சார்ல்ஸ் ஹிர்ஷ்மன் 1987இல் எழுதிய கட்டுரையில் அந்தப் பெட்டிகள் மக்கள் கணக்கெடுப்புகளில் எப்படி உருவாகி இறுகின என்று காட்டியிருக்கிறார். அதைப் படித்த யாருக்கும் இனப் பத்தியைக் கண்டால் எரிச்சல் வரும், எனக்கும் வரும். தூக்கி எறி என்று சொல்லத் தோன்றும். ஆனால் தோட்டங்களில் தமிழர் எந்தக் காலத்தில் எவ்வளவு குறைந்தார்கள் என்று இன்று யாராவது ஆதாரத்தோடு பேச முடிகிறது என்றால் அந்த எரிச்சலூட்டும் பத்திதான் காரணம். அது காலனியத்தின் கருவி, நம் இழப்புக்குச் சாட்சியும் அதுவே. சாட்சியைப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கூண்டிலிருந்து இறக்கிவிட முடியாது.

கான்ட்ராக்ட் பத்தி இன்னும் நுட்பமானது. நேற்றுவரை தோட்டத்தின் நேரடி ஆளாக இருந்தவர் இன்று கான்ட்ராக்டரின் ஆள். மரம் அதே, நிரை அதே. ஒரு பத்தியில் ஒன்று குறைந்து அடுத்த பத்தியில் ஒன்று கூடும், மொத்தம் மாறாது. மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு எதுவுமே நடக்கவில்லை. எடைக்குக் கூலி என்றானபின் மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் உருவவும் கூடப் போகும் மனைவியும் பிள்ளையும் எந்தப் பத்தியிலும் இல்லை. சம்பளம் வாங்குபவரைக் கேட்கும் படிவம் சம்பளமில்லாமல் உழைப்பவரை எங்கே எழுதும்?

1980களில் ரப்பர் வெட்டிச் சாய்க்கப்பட்டுச் செம்பனை ஏறியது. செம்பனையின் கணக்கைக் கேட்டது வேறொரு வாரியம், வேறொரு படிவம். ஆள் தேவையும் குறைவு. ஈப்போவைச் சுற்றியும் சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. 1980க்கும் 2000க்கும் இடையில் நாடு முழுவதும் தோட்டங்களிலிருந்து வெளியேறிய இந்தியர்கள் 3 லட்சத்துக்கும் மேல் என்று ஒரு மதிப்பீடு பரவலாகச் சொல்லப்படுகிறது. மேடையில் சொல்வார்கள், ஆய்வுகளிலும் எடுத்தாள்வார்கள். அது மதிப்பீடாகவே நின்றுவிட்டதற்கும் படிவத்துக்கும் தொடர்பு உண்டு. தோட்டத்தின் மாதாந்திரக் கணக்கு, மாதக் கடைசியில் வேலையில் இருப்பவர் எத்தனை பேர் என்று கேட்கும். போனவர் எங்கே போனார் என்று கேட்பது அதன் வேலை இல்லை. வேலையோடு சேர்ந்து வீடும் போகும் ஒரு தொழிலில், வேலை போன கணக்கு மட்டும் எழுதினால் பாதிக் கணக்குதான்.

நீண்ட கணக்கெடுப்பை உடைக்காமல் மாற்றும் வழி உலகத்துக்குத் தெரியாததில்லை. ஜப்பானின் மத்திய வங்கி 1957 முதல் தொழில் நிறுவனங்களிடம் காலாண்டுக்கு ஒருமுறை நடத்திவரும் டான்கான் கணக்கெடுப்பு உலகப் புகழ் பெற்றது. 2004 மார்ச்சில் அதன் அமைப்பை மாற்றினார்கள். நிறுவனம் பெரியதா சிறியதா என்பதை ஆள் எண்ணிக்கையால் பிரித்துவந்தவர்கள் மூலதனத்தால் பிரிக்கத் தொடங்கினார்கள். மாற்றும்போது முந்தைய 2003 டிசம்பர் கணக்கைப் புதிய முறையிலும் கூட்டி வெளியிட்டார்கள். ஒரே காலாண்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பாலம். பின்னால் வருபவர் பழைய கரையிலிருந்து புதிய கரைக்கு அதில் நடந்து போகலாம்.

நம் தோட்டங்களுக்கு அப்படி ஒரு பாலத்தை 1950களில் யாரும் போடவில்லை. துண்டாடப்பட்ட நிலத்துக்கு ஓராண்டு, ஈராண்டுக்காவது படிவம் தொடர்ந்து போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் ஒன்பது துண்டிலும் சேர்த்து எத்தனை பேர் மிச்சம் என்று தெரிந்திருக்கும். உங்கு அஜீஸின் ஆய்வு ஒருமுறை நடந்தது, மாதாமாதம் நடக்கவில்லை. விவசாயக் கணக்கெடுப்பு சிறுதோட்டங்களையும் தொடும், ஆனால் 2005க்கு அடுத்து 2024இல்தான் அது நடந்தது. இடையில் பத்தொன்பது வருடம். தோட்டத்தில் பிறந்த பிள்ளை பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வேலைக்கே போயிருக்கும்.

படிவத்தைத் திருத்தும் மேசையில் என்னைப் போன்றவர்களை யாரும் உட்கார வைக்கப்போவதில்லை. உட்கார வைத்தால் நான் சொல்லக்கூடியது சிறிதுதான். 100 ஏக்கர் கோட்டை அழிக்க வேண்டாம், நூறு வருடத்துத் தொடர் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இனப் பத்தியையும் அழிக்க வேண்டாம். அவற்றோடு மூன்று கேள்விகளைச் சேருங்கள். இந்த நிலத்தில் சென்ற ஆண்டு இருந்து இந்த ஆண்டு இல்லாதவர் எத்தனை பேர், எதனால்? வேலை இல்லாவிட்டாலும் இந்த நிலத்தில் குடியிருப்பவர் எத்தனை பேர்? 100 ஏக்கருக்குக் கீழே உள்ள நிலமானால், மரம் வெட்டுவது சொந்தக்காரரா, கூலிக்காரரா? மூன்றாவது கேள்விக்கு எஸ்டேட் படிவத்தில் இடமில்லை. அதற்கென்று சிறுதோட்டங்களில் சிலவற்றை மாதிரியாக எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை கேட்டாலும் போதும்.

இந்தக் கேள்விகளைப் பார்த்தால் புதியவை என்று தோன்றலாம். தோட்டத்துக் கிராணிகள் பலருக்கு இதன் பதில்கள் மனப்பாடமாகத் தெரிந்திருந்தன. யார் எந்த வீட்டில் இருக்கிறார், யார் பட்டணத்துக்குப் போய்விட்டார், யாருடைய பெண்டாட்டி காட்டுக்குக் கூடப் போகிறாள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாததா? படிவத்தில் அதற்குப் பத்தி இல்லாததால் அவர்கள் எழுதவில்லை.